இடப்பக்க ஓரம்

பந்தலூரில் மாலை ஐந்தரைக்குப் பள்ளிக்கூடம்
இரண்டாம் முறை திறக்கும்.
ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில்
முட்டி இடிக்க உட்காருவோம்.
என் பெஞ்சில் காம்பஸ் முனையால் யாரோ
'பிரவீன் கழுதை' என்று குடைந்திருக்கிறார்கள்.
அதன்மேல்தான் நோட்டை விரிப்பேன்.

பதினொரு பேர்.
சேரம்பாடி டிவிஷனிலிருந்து நான், யோகராணி,
வயது நாற்பத்தொன்று.
சாவியை விரலில் சுற்றியபடி ஜீப் மொய்து.
பேக்கரியிலிருந்து மாவு வாசனையோடு ஷெர்லி.
கைக்குழந்தையோடு மாதி.
எல்லாரிடமும் பன்னிரண்டாவது சான்றிதழ் இருக்கிறது,
தனித்தேர்வில் வாங்கியது, மூன்றாம் தடவையில் வாங்கியது.
கல்லூரியில் சேர அது போதும்.
சேர்ந்து, உட்கார்ந்து, டிசம்பருக்குள் ஓடிவராமல் இருக்க
இந்த வகுப்பு.

நடத்துகிற நிர்மலுக்கு
என் மகனைவிட இரண்டு வயதுதான் கூட.
முதல் நாள் பாடமே எடுக்கவில்லை.
ஸ்கேல் வைத்து ஒவ்வொரு பக்கத்திலும்
இடது ஓரம் மூன்றில் ஒரு பங்கு விட்டு
கோடு போடச் சொன்னார்.
வலப்பக்கம் நான் சொல்வது,
இடப்பக்கம் உங்கள் கேள்வி.
"கேள்வி வரலேன்னா?" என்றான் மொய்து.
"காலியாக் கிடக்கட்டும். நோட்டு வாங்கினது நான்தானே."

எனக்கு வயிறு எரிந்தது.
லயத்தில் பிறந்தவள் நான்.
மூன்றில் ஒரு பங்கு இடத்தில்
எங்கள் வீட்டில் நாலு பேர் படுப்போம்.

மூன்று வாரம் ஓரம் வெள்ளையாகவே கிடந்தது.

பிறகு சதவீதம் வந்தது.
மழை நாளில், இலையில் தண்ணீர் என்று
ஆளுக்கு இரண்டு கிலோ கழிப்பார்கள்.
இருபது வருடமாக நானும்
தலையாட்டிவிட்டுக் கூடையைக் கவிழ்த்திருக்கிறேன்.
எனக்கு நாற்பது கிலோ. கழிவு நூற்றுக்கு ஐந்து.
விரல் மடங்காத சிவபாக்கியத்துக்குப் பதினாறு.
கழிவு நூற்றுக்குப் பன்னிரண்டரை.
ஒரே சரிவு. ஒரே மழை.

அன்று இரவு இடப்பக்கம் எழுதினேன்:
குறைவாகப் பறித்தவர் கூடையில் மட்டும்
மழை கூடுதலாகப் பெய்யுமா?

சூப்பர்வைசரிடமும் கேட்டேன்.
தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
"காலேஜுக்கா போற?" என்றார்.
கழிவு இன்னும் இரண்டு கிலோதான்.
ஆனால் மறுநாள் நிறுவையில்
வரிசை மொத்தமும் தன் தன் கணக்கை
என்னிடம் கேட்டது.

எல்லாம் இப்படி இனிக்கவில்லை.
ஆங்கிலப் பத்தியை மூன்று முறை படித்தும்
நடுவழியில் தொலைந்துபோவேன்.
'ஹவெவர்' வந்தால் வண்டி திரும்பப்போகிறது,
அது இண்டிகேட்டர் என்று
மொய்துதான் கண்டுபிடித்துச் சொன்னான்.
ஷெர்லி நவம்பரில் நின்றுவிட்டாள்.
பேக்கரிக்குப் போய்க் கேட்டோம்,
பன்னைப் பொட்டலம் கட்டித் தந்தாள், பதில் தரவில்லை.
கொம்பன் ரோட்டை மறித்த இரண்டு நாளும் வகுப்பு இல்லை.
தகரத்தில் மழை இரைய,
மாதி போனில் எனக்குக் கேள்வி கேட்டாள்,
அவள் பிள்ளை இடையில் வீறிட்டது.
கடைசி மாதம் நிர்மல் வேண்டுமென்றே வேகமாகப் பேசினார்.
"நில்லுங்க" என்றோம்.
"அங்கே நிற்க மாட்டார்கள்" என்று பேசிக்கொண்டே போனார்.
பாவி, கை வலிக்கும்வரை.

ஜூலை. கூடலூர்க் கல்லூரி. பொருளியல், முதல் வகுப்பு.
"பெற்றோர்கள் வெளியே காத்திருங்கள்" என்றார் பேராசிரியர்.
சுற்றிலும் பார்த்தேன்.
பெற்றோர் என்று அங்கே இருந்தது நான் மட்டும்.
"வருகைப் பதிவில் முப்பத்தாறாவது பெயர், சார்" என்றேன்.
குரல் நடுங்கியது. எண் சரியாக இருந்தது.

நோட்டைத் திறந்து கோடு போட்டேன்.
பக்கத்துப் பெண் விநோதமாகப் பார்த்தாள்.
அவர் நிற்காமல் பேசினார். நானும் நிற்காமல் எழுதினேன்.
பொருளின் விலையைத் தீர்மானிப்பது சந்தை என்றார்.

இடப்பக்கம் எழுதினேன்:
எந்த ஊர்ச் சந்தை? குன்னூரா?
அங்கே எங்கள் பக்கத்து ஆள் யாராவது உண்டா?

கை தூக்க இன்னும் பழகவில்லை.
வியாழக்கிழமை மறுபடி அவர் வகுப்பு.